கெட்டித் தோல்

அவர் எங்கள் ஆலைக்கு வரப்போகிறார் என்று தெரிந்த அன்று மதியம் எனக்கு அப்படிப் பசித்தது. கேண்டீனில் ஒரு தட்டு சாப்பிட்டு முடித்து, எழுந்துபோய் மறுபடியும் சோறும் சாம்பாரும் வாங்கி வந்தேன். எதிரே உட்கார்ந்திருந்த ஸ்டோர்ஸ் பெண் சிரித்தாள்.

"என்ன மேடம், இன்னிக்கு ஏதாவது விசேஷமா?"

"ஆமா. என் பழைய வாத்தியார் வர்றாரு."

அவளுக்கு அது நல்ல செய்தியாகக் கேட்டிருக்கும். எனக்கும் நல்ல செய்திதான். அந்த மனிதரை மறுபடி நேருக்கு நேர் பார்க்க வேண்டும் என்று பல வருஷம் காத்திருந்தேன். பார்த்து வணக்கம் சொல்வதற்காக அல்ல.

ஆலை, ஓசூரைத் தாண்டிக் கன்னட எல்லைக்குள் நுழைந்ததும் வரும் அத்திபெலேயில் இருக்கிறது. சானிடரி நாப்கினுக்கும் குழந்தைகளின் டயபருக்கும் உள்ளே வைக்கும் மெல்லிய துணிக்கு நாங்கள் இழை தயாரிக்கிறோம். தலைமுடியைவிட மெலிதான அந்த ஒவ்வொரு இழையிலும் இரண்டு பிளாஸ்டிக் உண்டு. நடுவில் ஒன்று, அதைச் சுற்றித் தோல்போல இன்னொன்று. தோல் குறைந்த சூட்டிலேயே இளகிப் பக்கத்து இழையோடு ஒட்டிக்கொள்ளும். நடுவில் இருப்பது உருகாமல் நின்று பலம் கொடுக்கும். இரண்டையும் தனித்தனியாக உருக்கி, சல்லடை போன்ற ஒரு தடித்த இரும்புத் தட்டின் துளைகள் வழியாக ஒன்றாகத் தள்ளுவோம். அந்தத் தட்டும் அதைத் தாங்கும் அச்சும் சேர்ந்ததை டை என்பார்கள். துளைக்குள் இரண்டு உருகலும் சண்டை போடாமல் சேர்ந்து ஓடிவர வேண்டும். எங்கள் தொழிலின் எல்லாக் கஷ்டமும் அந்தச் சின்ன தூரத்தில்தான் இருக்கிறது.

அந்தக் கஷ்டத்தை நான் முதலில் பார்த்தது ஆலையில் அல்ல, அவருடைய ஆராய்ச்சிக்கூடத்தில்.

நான் ஆஸ்டின் டவுனில் பிறந்து வளர்ந்தவள். அப்பா பெயிண்டர். மிலிட்டரி குவார்ட்டர்ஸ் சுவர்களுக்கு வண்ணம் அடித்தே அவருடைய நுரையீரல் பாழாகிவிட்டது. அம்மா ஒரு பள்ளி ஹாஸ்டலில் சமையல் வேலை செய்தாள். பாலிமர் படிப்பில் நல்ல மார்க் எடுத்து, முனைவர் பட்டத்துக்கு எனக்கு இடம் கிடைத்தபோது அப்பா தெருவில் ஒரு வீடு பாக்கியில்லாமல் போய்ச் சொல்லிவிட்டு வந்தார். "எம் பொண்ணு டாக்டராகப் போறா. ஊசி போடற டாக்டர் இல்ல, அதுக்கும் மேல."

எனக்கு வழிகாட்டியாக வந்தவர் அந்தப் பேராசிரியர். தமிழ்நாட்டிலிருந்து வந்து இங்கே நிலைத்தவர். எப்போதும் வெள்ளைச் சட்டை, இஸ்திரி மடிப்பு கலையாது. எல்லோரிடமும் இங்கிலீஷில் பேசுவார். என்னைத் திட்டும்போது மட்டும் தமிழுக்கு வருவார். இழை எந்திரத்தை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று எங்களுக்குக் கையைக் காட்டுவார்.

ஒரு கம்பெனிக்காக அவர் எடுத்திருந்த ஆராய்ச்சி எனக்கு வந்தது. கெட்டியான பிளாஸ்டிக்கை மெல்லிய தோலாக வெளியே போர்த்த வேண்டும். போர்த்தினால் இழையில் அலை வந்தது. விரலில் உருவினால் முடிச்சு முடிச்சாகத் தட்டுப்படும். வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தால் தோல் ஒரு பக்கம் திரண்டும் ஒரு பக்கம் இல்லவே இல்லாமலும் இருக்கும். பம்ப்பின் துடிப்புதான் இதற்குக் காரணம் என்றார் அவர். பம்ப்பின் வேகத்தை மாற்றி மாற்றி ஓட்டினேன். பம்ப் காரணமாக இருந்திருந்தால் வேகத்துக்கு ஏற்ப அலையும் நெருங்கவோ விலகவோ வேண்டும். அது அசையவில்லை. பிறகு தோல் பிளாஸ்டிக்கை மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சூடாக்கித் தளர்த்தினேன். அலை அடங்கியது. ஆறவிட்டுக் கெட்டியாக்கினால் திரும்ப வந்தது.

என்ன நடக்கிறது என்பது எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா போளிக்கு மேல்மாவை எண்ணெய் விட்டுத் தளரத் தளரப் பிசைவாள். பூரணம்தான் இறுக்கமாக இருக்கும். மேல்மாவு இறுகிப்போனால், தட்டும்போது ஓரிடத்தில் திரளும், இன்னோரிடத்தில் கிழியும். துளைக்குள்ளும் அதே கதைதான். மெலிதாக இருக்கும் அடுக்கு தளர்வாக இருந்தால் உள்ளே இருப்பதை வழுக்கிக்கொண்டு கூட்டிவரும். மெலிதாக இருக்கும் அடுக்கே கெட்டியாகவும் இருந்தால் இரண்டுக்கும் நடுவே சிறு நெளிவு பிறந்து, போகப்போக வளரும். எந்திரத்தைத் துடைப்பதாலோ திருகாணியை முறுக்குவதாலோ அது போகாது. பொருளை மாற்ற வேண்டும்.

இதைச் சொன்னதும் அவர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. கோபமில்லை. தெருவில் எதையோ மிதித்துவிட்ட பார்வை.

அடுத்த வாரம் அந்தக் கம்பெனிக்காரர்கள் எந்திரத்தைப் பார்க்க வந்தார்கள். அலையோடு ஓடிய இழையைக் காட்டி ஏன் இப்படி என்று கேட்டார்கள். அவர் இங்கிலீஷில் ஏதோ சமாளித்துவிட்டு, வந்தவர்களில் தமிழ் தெரிந்த ஒருவரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே என் பக்கம் கையை நீட்டினார்.

"மெஷின்ல ஒண்ணும் இல்ல சார். இந்தப் பொண்ணு கைக்கு சுத்தம் பத்தாது. அதுக்கெல்லாம் ஒரு வளர்ப்பு வேணும்ல?"

அந்த மனிதரும் சிரித்தார். நான் கையுறையோடு நின்றிருந்தேன்.

சுத்தம் என்ற சொல் எங்கள் வீட்டுக்குப் புதிதில்லை. வண்ணம் அடிக்கப் போன வீடுகளில் அப்பாவுக்கு மாட்டுக் கொட்டகை ஓரம் தனி டம்ளர் வைத்தவர்கள் அதே சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள். அது எந்த இடத்திலிருந்து வந்தது, யாருக்கு என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அதற்குப் பிறகு எந்திர அறைச் சாவியை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். என் அளவீடுகள் எல்லாம் கைப்பிழை என்று ஆராய்ச்சியை மதிப்பிடும் குழுவின் முன் சொன்னார். முதலிலிருந்து தொடங்கச் சொன்னார், ஆனால் எந்திரம் தரவில்லை. நான் பட்டம் இல்லாமல் வெளியே வந்தேன். தெருவில் பொடிசுகள் முதல் பெரியவர்கள் வரை "டாக்டரம்மா" என்று கூப்பிட்டார்கள். சிலர் அன்பாக, சிலர் வேண்டுமென்றே. அப்பா அந்த வழியில் டீக்கடைக்குப் போவதை விட்டுவிட்டார். அதற்காகத்தான் பேராசிரியரை நான் மன்னிக்கவில்லை. என்னைச் சொன்னதைக்கூட ஒருவேளை விட்டிருப்பேன்.

அம்மா ஞாயிற்றுக்கிழமை தவறாமல் புத்த விஹாரத்துக்குப் போகிறவள். "மனசுல வச்சிக்காத பாப்பா, நெருப்பு உன்னியத்தான் சுடும்" என்பாள். அப்போதெல்லாம் தலையாட்டுவேன். சுடட்டும் என்றுதான் உள்ளே நினைத்துக்கொள்வேன்.

பிறகு இந்த ஆலையில் வேலை கிடைத்தது. உருக்கும் எந்திரங்கள் என் பொறுப்புக்கு வந்தன. எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தபோது முதலாளி வெளித்தோலுக்கு ஒரு புது ரகம் பிளாஸ்டிக் வாங்கினார். துணி உறுதியாக இருக்கும் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். அதன் மணிகளை, எங்கள் தொழிலில் தானா என்போம், கையில் எடுத்துப் பார்த்து, உருக்கி ஒரு சோதனை செய்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. கெட்டியான ரகம். மெல்லிய தோல். முதல் நாளே அலை வந்தது.

மேலாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் கன்னடக்காரர், நல்ல மனிதர், தமிழை அவர் பாணியில் பேசுவார்.

"சார், இந்த ரகம் வேண்டாம். எளிதா ஓடற ரகம் வாங்குங்க, சரியாயிடும்."

"நீங்க சொல்றது சரியே இருக்கும் மேடம். ஆனா முதலாளி கேக்கல்ல. தொட்ட ஜனம், அதான் பெரிய மனுஷங்க, யாராவது வந்து சொன்னாதான் ஒப்புவாரு. ஒரு எக்ஸ்பர்ட்டைக் கூப்பிட்டிருக்காரு. அவரு புதுசா ஒரு டை டிசைன் பண்ணியிருக்காராம், அதை மாட்டினா அலையே வராதாம்."

எக்ஸ்பர்ட்டின் பெயரைச் சொன்னார். அன்றுதான் நான் இரண்டு தடவை சோறு வாங்கியது.

அவர் வருவதற்குள் நான் செய்த வேலைகளை இங்கே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவ்வளவு சிரத்தையாக நான் எந்த வேலையும் செய்ததில்லை. பம்ப்பைக் கழற்றிவிட்டுப் புதியது மாட்டவைத்தேன். துளைத்தட்டு புதிதாக ஒன்று, உறை பிரிக்காமல் மேஜைமேல் வைத்தேன். சூட்டை அளக்கும் கருவிகளை எல்லாம் சரிபார்த்து, சரிபார்த்த சீட்டை எந்திரத்திலேயே ஒட்டினேன். முதலாளி கிரிக்கெட் பார்க்க வாங்கி வைத்திருந்த பெரிய டிவியை இறக்கிக் கீழே கொண்டுவந்து நுண்ணோக்கியோடு இணைத்தேன். நாப்கின் கம்பெனியிலிருந்து எங்கள் சரக்கை வாங்குகிறவர்கள் மூன்று பேரை அதே நாளில் வரச்சொன்னேன். எளிதாக ஓடும் ரகத்தின் தானா மூட்டைகளைக் காயவைத்து, எந்திரத்துக்குப் பக்கத்தில் தார்பாய் போட்டு மூடினேன். அவர் எந்தப் பக்கம் ஓடினாலும் அங்கே ஒரு கதவு சாத்தியிருக்க வேண்டும். அவ்வளவுதான் என் திட்டம்.

வந்தார். முடி நரைத்திருந்தது, சட்டை அதே வெள்ளை. என்னைப் பார்த்ததும் ஒரு கணம் நின்றார். அடையாளம் தெரிந்துகொண்டார்.

"ஓ, நீ இங்கயா இருக்கே? குட், குட்" என்றார். தோளைத் தட்டுவதுபோல் கையைத் தூக்கிவிட்டு, தட்டாமலே இறக்கிக்கொண்டார்.

எந்திரத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். ஓடும் இழையைப் பார்த்தார். எல்லோரும் கூடியிருந்தார்கள்: முதலாளி, மேலாளர், வாங்குகிறவர்கள், எங்கள் ஆபரேட்டர்கள். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: பொருளில் பிரச்சினை இல்லை. ஆட்கள் கையாளுவதில்தான் பிரச்சினை. பழைய வடிவமைப்பு, பயிற்சி போதாத கைகள். அவருடைய புதிய டை வந்தால் யார் ஓட்டினாலும் பிழை வராது.

அதே வாய். அதே வாக்கியம். எனக்கு உடம்பெல்லாம் ஜில்லென்றது, சந்தோஷத்தில்.

"கரெக்ட் சார்" என்றேன். "எங்க கை சரியில்லைதான். டை வர்றதுக்கு நாளாகும். அதுவரைக்கும் நீங்களே ஒரு தடவை ஓட்டிக் காட்டினா நாங்க பாத்துக் கத்துப்போம்."

"நானா?"

"நீங்கதான் சார். உங்க கை பட்டா எப்படி வருதுன்னு எல்லாரும் பாக்கட்டும்."

முதலாளிக்கு அந்த யோசனை மிகவும் பிடித்துவிட்டது. "ஆமா சார், ப்ளீஸ்" என்றார். வாங்குகிறவர்களும் ஆவலாகப் பார்த்தார்கள். மறுக்க வழியில்லை. நானே ஏப்ரனும் கையுறையும் எடுத்துக்கொடுத்தேன். ஏப்ரனின் நாடாவை முதுகுக்குப் பின்னால் கட்டிவிட்டதும் நான்தான்.

அவருக்கு எந்த வால்வு எதற்கு என்றே தெரியவில்லை. ஆபரேட்டர் பக்கத்தில் நின்று மரியாதையாகச் சொல்லிக்கொடுத்தான். இழை இறங்கியது. ஒரு துண்டு வெட்டி நுண்ணோக்கியில் வைத்தேன். டிவி முழுக்கத் தெரிந்தது: ஒரு பக்கம் வீங்கிய தோல், மறுபக்கம் வெறும் நடு.

"சார், இது எதனால?"

"பம்ப்பா இருக்கும்."

"போன வாரம்தான் சார் புதுசு மாட்டினோம். இருந்தாலும் வேகத்தை மாத்திப் பாருங்க."

மாற்றினார். இன்னொரு துண்டு. அலை அப்படியே இருந்தது.

"இது சார்?"

"டெம்பரேச்சர் ஸ்டெடியா இல்ல."

ஒட்டியிருந்த சீட்டைக் காட்டினேன். எண்கள் அசையாமல் நின்றிருந்தன.

"தட்டுல அழுக்கு இருக்கலாம்" என்றார், குரல் தாழ்ந்து.

உறை பிரிக்காத புதுத் தட்டை அவர் கையில் கொடுத்தேன். கனம் தாங்காமல் மேஜையில் வைத்துவிட்டார். ஆபரேட்டர்கள் அதை மாட்ட, மறுபடி ஓட்டினார். வெள்ளைச் சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. கழிவு இழை தரையில் பெரிய குவியலாக, சிக்கு விழுந்த முடி மாதிரி கிடந்தது. ஒவ்வொரு தடவையும் துண்டு வெட்டி டிவியில் போட்டேன். ஒவ்வொரு தடவையும் ரொம்பப் பணிவாகக் கேட்டேன். வாங்குகிறவர்களில் ஒரு பெண்மணி என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார். இங்கே வேறெதோ நடக்கிறது என்று அவருக்கு மட்டும் புரிந்திருக்க வேண்டும்.

டீ இடைவேளையில் அவர் என்னை மாடிப்படிப் பக்கம் வரச்சொன்னார். யாரும் இல்லாத இடம். கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஏம்மா, உனக்குத்தான் காரணம் தெரியுமே. எதுக்கு இந்த விளையாட்டு?"

"என்ன சார் காரணம்?"

"தோலு ரகம்தான். அன்னைக்கு நீ சொன்னது சரிதான். எனக்கு அப்பவே தெரியும்."

அதை அவர் சாதாரணமாகச் சொன்னார், மழை வரும்போலிருக்கிறது என்பதுபோல. தெரியாமல் செய்தார் என்றுதான் அத்தனை வருஷமும் நினைத்திருந்தேன். கர்வத்தால் கண் மறைத்துவிட்டது என்று. தெரிந்தே செய்திருக்கிறார்.

"அப்புறம் ஏன் சார் கைப்பிழைன்னு சொன்னீங்க?"

"அந்தக் கம்பெனிக்கு அந்த ரகம்தான் விக்கணும். அது ஒத்து வராதுன்னு சொன்னா ஆராய்ச்சியையே நிறுத்தியிருப்பாங்க. நீ சின்னப் பொண்ணு, வேற வேலை கிடைச்சுடும்னு நினைச்சேன். கிடைச்சுடுச்சே?" சிரிக்கப் பார்த்தார். "இதோ பாரு. இவங்க இந்த டையை வாங்கட்டும். அப்புறமா ரகத்தையும் மாத்தச் சொல்லிடலாம், எல்லாம் சரியாப் போயிடும். நீ திரும்ப வந்து சேந்துக்கோ. பழைய வேலையை வச்சே உன் டாக்டரேட்டை நான் முடிச்சுக் குடுக்கறேன்."

உண்மையைச் சொன்னால், அப்பா தலை நிமிர்ந்து டீக்கடைக்கு நடந்து போவதுபோல் ஒரு நொடி கண்ணில் தெரிந்தது. அந்தப் பட்டத்தை இந்தக் கையிலிருந்தா வாங்குவது என்று அடுத்த நொடி தோன்றியது.

"வாங்க சார், உள்ள போலாம்" என்றேன்.

எல்லோரும் மறுபடி கூடியதும் நான் சத்தமாகச் சொன்னேன். "சார் இப்ப படிக்கட்டுல எங்கிட்ட ஒண்ணு சொன்னாரு. வெளித்தோல் ரகம்தான் காரணமாம். முதல்ல டையை வாங்கட்டும், அப்புறம் ரகத்தை மாத்திக்கலாம்னாரு. அப்படித்தானே சார்?"

மேலாளர் வாயில் இருந்த டீயை விழுங்கிவிட்டுக் கேட்டார்.

"ஹௌதா சார்? நிஜமாவா?"

பேராசிரியர் முகம் கறுத்துவிட்டது. "நோ, நோ. தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க. பொருளுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

இந்தப் பதிலுக்காகத்தான் நான் அந்த மூட்டைகளைத் தார்பாய் போட்டு மூடிவைத்திருந்தேன்.

"அப்ப சரி சார். தோல் ரகத்தை மட்டும் மாத்திப் பாக்கறோம். வேற எதையும் யாரும் தொட மாட்டாங்க. நீங்க வச்ச செட்டிங், உங்க கை. நீங்களே ஓட்டுங்க."

தார்பாயை உருவினேன். ஆபரேட்டர்கள் புது மூட்டையைக் கொட்டினார்கள். பழைய உருகல் முழுக்க வெளியேறிப் புதியது வரும்வரை காத்திருக்க வேண்டும். அந்த நேரம் முழுவதும் அவர் ஏப்ரனோடு எந்திரத்தின் முன் நின்றார். போய்விட்டிருக்கலாம். போனால் ஒப்புக்கொண்டதாகிவிடும் என்பதால் நின்றார். அவர் காலடியில் விழுந்த கழிவு இழை மெல்ல மெல்ல மாறியது. முடிச்சு குறைந்து, பளபளப்பு வந்து, கடைசியில் நேராக, பட்டு மாதிரி வழுக்கிக்கொண்டு இறங்கியது. நான் துண்டு வெட்டவில்லை. கத்தியை அவரிடம் நீட்டினேன். அவரே வெட்டினார், அவரே வைத்தார். டிவியில் நூற்றுக்கணக்கான வட்டங்கள், ஒவ்வொன்றைச் சுற்றியும் ஒரே அளவில் ஒரு வளையம்.

முதலாளி மேலே ஏறிப்போனார். அவர் போன விதத்திலேயே டையின் கதை முடிந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. பேராசிரியர் கையுறையைக் கழற்ற முயன்றார். வியர்வையில் ஒட்டிக்கொண்டு வரவில்லை. நான் பக்கத்தில் போய், அவருக்கு மட்டும் கேட்கும்படி கேட்டேன்.

"சார், இப்ப கை சுத்தமாயிடுச்சா?"

அவர் கையுறையோடே வெளியே நடந்தார். கார் வரைக்கும் யாரும் கூடப் போகவில்லை.

அன்று சாயங்காலம் வீட்டுக்குப் போய் அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். மூச்சிரைப்பைக்கூட மறந்து நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டார். "அவன் மூஞ்சி எப்பிடி இருந்திச்சு?" என்றார். சொன்னேன். "கையுறை வரவேயில்லையா?" என்றார். அதையும் சொன்னேன். திரும்பத் திரும்பக் கேட்டார். ஒவ்வொரு தடவையும் தொடையில் தட்டிக்கொண்டு சிரித்தார், இருமினார், மறுபடி சிரித்தார்.

அம்மா அடுப்படியிலிருந்து வெளியே வந்தாள். "போதும். ஒரு வயசானவரை இப்பிடியா நிக்க வப்பே?"

"நீ சும்மா இரு" என்றார் அப்பா. "நீ மேல சொல்லு பாப்பா."

நான் அதோடு நிறுத்தவில்லை. ஓசூரிலும் ஜிகினியிலும் பொம்மசந்திராவிலும் எங்கள் தொழிலில் எனக்குத் தெரிந்த எல்லோருக்கும் போன் போட்டேன். நடந்ததைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். கூட்டிச் சொல்ல வேண்டிய தேவையே இருக்கவில்லை. அதன்பின் அவருடைய டையை யாரும் வாங்கியதாக நான் கேள்விப்படவில்லை. ஆனால் அவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது ஆராய்ச்சிக்கூடத்தில் ஆளுயர மாலை போட்டு, சால்வை போர்த்தி, எல்லா மரியாதையும் செய்தார்கள் என்று அங்கே இருக்கும் ஒருவர் சொன்னார். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எங்கள் ஆலையிலும் அலை நின்றதற்கான பாராட்டு மேலாளருக்குத்தான் போனது. அவர் அதற்காக வெட்கப்பட்டு எனக்கு மைசூர்பாகு வாங்கிக் கொடுத்தார். பட்டம் எனக்கு இன்னமும் இல்லை.

அத்தோடு ஆறிவிட்டதா என்று அம்மா அவ்வப்போது கேட்கிறாள். ஆறவில்லை. அவர் தெரிந்தே செய்தார் என்று தெரிந்தபிறகு அது எப்படி ஆறும்? ஆனால் முன்பெல்லாம் அந்த நினைப்பு வந்தால் தூக்கம் போய்விடும். இப்போது வந்தால் புரண்டு படுத்துத் தூங்கிவிடுகிறேன். அந்த மட்டுக்கும் லாபம்.

சில மாதங்களுக்கு முன் ஓசூர் ரோட்டில், கம்பெனி பஸ்ஸில் வந்துகொண்டிருந்தேன். சிக்னலில் எங்களுக்குப் பக்கத்தில் ஒரு வாடகைக் கார் நின்றது. பின்சீட்டில் அவர், மடியில் மருந்துக்கடைப் பையோடு, தனியாக உட்கார்ந்திருந்தார். ஏதோ உறுத்தியதுபோல நிமிர்ந்து பார்த்தார். என்னைத் தெரிந்துகொண்டார். கண்ணாடி இறங்கியிருந்தது. அவசரமாகப் பொத்தானைத் தேடி அழுத்தினார், அது வேலை செய்யவில்லை. டிரைவரிடம் ஏதோ சொன்னார். டிரைவர் காது கேளாதவர்போல் முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டிருக்கலாம். திருப்பவில்லை. பச்சை விழும்வரை அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.